நிறுவனமே நடத்தும் வைப்பு நிதி அறக்கட்டளை: நம் பணம் எங்கே போடப்படுகிறது?

கேள்வி – 2024 பிப்ரவரி 12

எங்கள் நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி அரசு அமைப்புக்குச் செல்வதில்லை. நிறுவனமே ஓர் அறக்கட்டளை வைத்து நடத்துகிறது. பத்தொன்பது ஆண்டுகளாக என் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தரப்படும் சீட்டில் இருப்பும் வட்டியும் மட்டுமே இருக்கும். அந்தப் பணத்தை நிறுவனம் தன் தொழிலுக்குச் சுழற்றிக்கொள்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் பலர் சொல்கிறார்கள். அது உண்மையா? அந்தப் பணம் எங்கே போடப்படுகிறது, அதை முடிவு செய்பவர் யார்?

பதில் – 2024 பிப்ரவரி 12, இரவு

சென்னைக்கு மேற்கே உள்ள ஒரு பொறியியல் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். 2011 முதல் 2020 வரை ஒன்பது ஆண்டுகள் தொழிலாளர் தரப்பு அறங்காவலராக இருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

தொழிலுக்குச் சுழற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், பணத்தை அரசு அமைப்புக்கு அனுப்பாமல் தாமே அறக்கட்டளை வைத்து நடத்தத் தகுதியுள்ள நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. விலக்குப் பெற்ற நிறுவனம் தொழிலாளியின் 12 சதவீதத்தையும் தன் பங்கான 12 சதவீதத்தையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அறக்கட்டளையின் கணக்கில் செலுத்திவிட வேண்டும். அறக்கட்டளை தனிக் கணக்கும் தனித் தணிக்கையும் உடையது. நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் அதில் உட்கார வேண்டும். வாங்கும் முதலீட்டுப் பத்திரங்கள் அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்க வேண்டும். செலுத்தத் தாமதிக்கும் நிறுவனம் நாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. தாமதித்தால் அது விதிமீறல், விலக்கையே இழக்கக்கூடிய மீறல்.

ஆனால் உங்கள் கேள்வியின் பின்பாதியைத்தான் முக்கியமானதாக நான் நினைக்கிறேன். பணம் எங்கே போடப்பட்டது என்பதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: போட்ட இடத்தில் வருமானம் குறைந்தால், அல்லது முதலே போய்விட்டால், அந்தக் குறையை நிரப்பவேண்டியவர் யார்? விலக்கு நிபந்தனைகளின்படி, அரசு அமைப்பு அந்த ஆண்டு அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் அறக்கட்டளையும் தர வேண்டும். தர முடியாவிட்டால் மிச்சத்தை நிறுவனம் தன் கையிலிருந்து தர வேண்டும். எனவே உங்கள் வைப்பு நிதி நிறுவனத்தின் கையில் இல்லையென்றாலும், அதன் தோளில் சாய்ந்து நிற்கிறது.

2024 பிப்ரவரி 13

இன்று முதலீட்டு முறையைப் பற்றி மட்டும்.

நிறுவனம் தன் விருப்பப்படி பங்கிட முடியாது. எந்த வகையில் எத்தனை சதவீதம் போடலாம் என்பதை மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அறிவிக்கிறது. இப்போது நடப்பில் உள்ள முறை 2015-இல் வந்தது. ஓராண்டில் புதிதாக வரும் பணத்தில் குறைந்தது 45 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் பத்திரங்களிலும் அரசு உத்தரவாதம் பெற்ற பத்திரங்களிலும் செல்ல வேண்டும். அடுத்த பெரும் பகுதி நிறுவனக் கடன் பத்திரங்களுக்கும் வங்கி வைப்புகளுக்கும் உரியது. பங்குச் சந்தை சார்ந்தவற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை போடலாம். குறுகிய காலக் கடனுக்கும், கட்டடம் போன்ற சொத்துகளின் வருமானத்தைச் சார்ந்த முதலீடுகளுக்கும் தலா 5 சதவீத உச்சவரம்பு உண்டு.

எங்கள் மேசைக்கு வந்த தாள்களில் இந்த முறைக்கு ‘பேட்டர்ன்’ என்ற சொல்லே எப்போதும் இருக்கும். “பேட்டர்னுக்குள் இருக்கிறது” என்று நிதி அதிகாரி சொன்னால் விவாதம் முடிந்துவிடும். எந்த வகையில் எவ்வளவு என்பதைத்தான் பேட்டர்ன் சொல்கிறது. அந்த வகைக்குள் யாருடைய பத்திரம் என்பதை அது சொல்வதில்லை என்று எனக்குப் புரிய மூன்று ஆண்டுகள் ஆயின. நிறுவனத்தின் உண்மையான முடிவுரிமை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரி 13, மாலை

நேற்று இரவு எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. நிறுவனத்தின் 12 சதவீதம் முழுவதும் அறக்கட்டளைக்குச் செல்வதாக எழுதிவிட்டேன். அப்படியில்லை. அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திற்கு, அதாவது அரசு அமைப்புக்கே செல்கிறது. விலக்குப் பெற்ற நிறுவனத்திற்கும் இதில் விலக்கில்லை. 2014 செப்டம்பர் முதல் இதற்குக் கணக்கிடும் ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால் இந்தத் தொகை பெரும்பாலோருக்கு மாதம் 1,250 ரூபாய்தான்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் முழுச் சம்பளத்திற்கும் செலுத்துவதானால் அதன் பங்கு 4,800. அதில் 1,250 அரசுக்குப் போக 3,550 அறக்கட்டளைக்கு வரும். உங்கள் 4,800-ஐச் சேர்த்தால் மாதம் 8,350. இந்த 8,350-இன் கதையைத்தான் நாம் பேசுகிறோம். உங்கள் மாத ஓய்வூதியம் இதைச் சார்ந்ததன்று.

2024 பிப்ரவரி 17

கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று மாதத்திற்கு ஒரு முறை நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் கூடுவோம். முதல் முறை உள்ளே போனபோது பணிமனைச் சட்டையோடு போனேன். கையில் எண்ணெய்க் கறை இருந்ததால் தாள்களைத் தொடவே தயங்கினேன். முதலீட்டுப் பட்டியல் கூட்டம் தொடங்கும் நேரத்தில்தான் கையில் தரப்படும். பதினெட்டுப் பக்கங்கள் இருக்கும். அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கப்படும். அந்த அரை மணியில் பெரும்பகுதி, யாருடைய வீட்டுக் கடன் முன்பணம் தாமதமானது, யாருடைய மகள் திருமணத்திற்குப் பணம் எடுக்கும் மனு நிலுவையில் இருக்கிறது என்பதில் போய்விடும். எங்களைத் தேர்ந்தெடுத்த தொழிலாளர்கள் கேட்டவையும் அவைதான். முதல் இரண்டு ஆண்டுகள் பட்டியலைப் படிக்காமலேயே கையெழுத்திட்டேன். நான்காயிரம் குடும்பங்களின் பணத்திற்கு அப்படிக் கையெழுத்திட்டிருக்கக் கூடாது.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், ஓய்வு பெறவிருந்த கடைசல் இயந்திரக்காரர் ஒருவர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்து, “தம்பி, என் பணம் எந்தப் பேப்பரில் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து தாள்களை ஒரு வாரம் முன்னதாகத் தரவேண்டும் என்று கேட்டேன். ஒரு வாரம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கிடைத்தது. அந்த இரண்டு நாளில் படித்துத்தான் பின்னால் எழுதப்போகிற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

2024 பிப்ரவரி 22

வட்டியின் நெருக்கடியை ஒரு கணக்கோடு சொல்ல வேண்டும். அது புரியாமல் முதலீட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

இ.பி.எஃப்.ஓ. என்று நாம் சொல்லும் அரசு அமைப்பு 2023-24-க்கு 8.25 சதவீதம் என்று இந்த மாதம் 10-ஆம் தேதி பரிந்துரைத்திருக்கிறது. 2021-22-இல் அது 8.1 ஆக இறங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வளவு குறைந்ததில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் 8.5. அந்த 8.5 அறிவிக்கப்பட்ட காலத்தில், அதாவது 2020-இல், பத்தாண்டு அரசுப் பத்திரம் தந்த வருமானமோ 6 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அரசு அமைப்பிடம் பழைய, உயர் வட்டிப் பத்திரங்கள் மலைபோல் இருக்கின்றன. பங்கு முதலீட்டில் ஒரு பகுதியை விற்று லாபத்தை வட்டியில் சேர்க்கவும் அதனால் முடிகிறது. 2019-20-இன் 8.5-ஐயே, கடன் பத்திர வருமானத்திலிருந்து 8.15, பங்கு விற்பனையிலிருந்து 0.35 என்று பிரித்துத்தான் அறிவித்தார்கள். சிறிய அறக்கட்டளைக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. ஆனால் அதே வட்டியைத் தரும் கடமை மட்டும் இருக்கிறது.

ஓர் அறக்கட்டளையிடம் 200 கோடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வருமானம் 8.1, தரவேண்டியது 8.5. இடைவெளி 0.4 சதவீதம், ரூபாயில் 80 லட்சம். இந்த 80 லட்சம் நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கில் செலவாக விழும். உடனே மேலிடம் நிதி அதிகாரியைக் கேட்கும்: “ஏன் இன்னும் நல்ல வருமானம் தரும் பத்திரமாகப் பார்த்து வாங்கவில்லை?” பழைய 180 கோடி ஏற்கெனவே பத்திரங்களில் முடங்கிக் கிடக்கிறது, அவருடைய கையில் ஆண்டுக்குப் புதிதாக வருவது, முதிர்வும் சேர்த்து, 20 கோடி என்று கொள்ளுங்கள். 200 கோடியின் குறையை அந்த 20 கோடியைக் கொண்டு ஈடு செய்ய வேண்டுமானால், புதிய பத்திரங்கள் சந்தை நிலவரத்தைவிட 4 சதவீதம் அதிகம் தர வேண்டும். நல்ல பத்திரம் எதுவும் அப்படித் தராது. ஆகவே பேட்டர்னுக்குள் இருந்துகொண்டே, கால் சதவீதம், அரைச் சதவீதம் அதிகம் தருகிற, அதற்கேற்ப ஆபத்தும் அதிகமான பத்திரத்தை நோக்கி அவர் தள்ளப்படுகிறார். தள்ளுகிறவர் யாரும் கெட்ட எண்ணம் கொண்டவரல்லர் என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்துவது.

2024 பிப்ரவரி 23

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஆபத்தைக் கூட்டாமல் வருமானத்தைக் கூட்ட வழியே இல்லை என்பது போல எழுதிவிட்டேன். ஒரு வழி உண்டு. மாநில அரசுகளின் வளர்ச்சிக் கடன் பத்திரங்கள், மத்திய அரசுப் பத்திரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருகின்றன. பேட்டர்னில் அவையும் அரசுப் பத்திரம் என்ற வகைக்குள்தான் வருகின்றன. தமிழ்நாடு அரசு சந்தையில் அதிகம் கடன் வாங்கும் மாநிலங்களில் ஒன்று. 2014-க்குப் பிறகு எங்கள் 45 சதவீதத்தில் பெரும்பகுதியை இப்படித்தான் திருப்பினோம். இந்தப் பத்திரங்களை அவசரத்தில் விற்பது கடினம் என்பதே இதில் உள்ள குறை. முதிர்வு வரை வைத்திருக்க முடிந்தவருக்கு அது குறையன்று.

2024 மார்ச் 2

தரமதிப்பீட்டை, அதாவது கடனைத் திருப்பித் தரும் திறனுக்குத் தனி நிறுவனங்கள் தரும் மதிப்பைப் பார்த்து வாங்கினால் போதாதா என்ற கேள்விக்கு.

2018-ஐ நினைவுபடுத்த வேண்டும். ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் பெயர் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்திலும் கடலூர் மாவட்டத்து அனல்மின் நிலையத்திலும் அதைக் கேட்டிருக்கிறோம். 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் அதன் கடன் பத்திரங்களுக்கு உச்சத் தரமதிப்பீடு இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் அவை கடைசிப் படிக்கு, தவணை தவறியவை என்ற நிலைக்கு, இறக்கப்பட்டன. அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியாக இயக்குநர் குழுவை மாற்றியது. கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பத்திரங்களை வைத்திருந்தவர்களில் தனியார் நிறுவனங்களின் வைப்பு நிதி அறக்கட்டளைகள் பல. அவற்றில் பல, பிணை இல்லாக் கடன் கொடுத்தவர்கள் என்ற நிலையில், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் வாசலில் நின்றன.

2015-இன் முறை, கடன் பத்திரத்திற்கு இரண்டு தரமதிப்பீட்டு நிறுவனங்களிடம் குறைந்தது, உச்சத்திற்கு அடுத்த படியான ‘டபுள் ஏ’ வேண்டும் என்கிறது. மேற்சொன்ன பத்திரங்கள் அந்த விதியை முழுமையாக நிறைவு செய்தவைதாம். விதிமீறல் எதுவும் இல்லாமலே தொழிலாளியின் பணம் அங்கே போயிற்று.

எங்கள் அறக்கட்டளையிடம் அந்தப் பத்திரம் இல்லை. அதில் எங்கள் திறமை எதுவும் இல்லை. தரகர் கொண்டுவந்த வாரத்தில் எங்கள் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வேறொரு நிதி நிறுவனத்தின் பத்திரத்தை 2016-இல் வாங்கியிருந்தோம். அரசுப் பத்திரத்தைவிட ஒன்றேகால் சதவீதம் அதிகம் தந்தது. 2019-இல் அரையாண்டு வட்டி வரவில்லை. முதலில் வங்கி விடுமுறை என்றார்கள், பிறகு தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள், மூன்றாம் வாரத்தில் நாளிதழில் செய்தி வந்தது. நான் அதை வாங்கிய கூட்டத்தின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து இருந்தது. இந்த முறை நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டிருந்தேன். தரமதிப்பீட்டுச் சான்றிதழ்கள் இரண்டும் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றேகால் சதவீதம் ஏன் கூடுதலாகத் தருகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் குறையை நிறுவனம் ஐந்து மாதம் கழித்து நிரப்பியது. அந்த ஐந்து மாதமும் ஓய்வு பெற்றுப் போனவர்களுக்கு முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

2024 மார்ச் 3

அந்த ஐந்து மாதத் தாமதத்தைப் பற்றி நேற்று இன்னும் கடுமையாக எழுதி, பிறகு அழித்தேன். அந்த நிதி அதிகாரி தனக்கு வேண்டி எதையும் செய்தவரல்லர். நிறுவனம் நிரப்பியே தீர வேண்டும் என்று முதலில் மேலிடத்துக்கு எழுதியவர் அவர்தான். அதை எனக்குச் சொன்னவர் அவரல்லர். அவர் மாற்றலாகிப் போனபின் கோப்பில் பார்த்தேன். அவரைப் போன்ற ஒருவர் அங்கே இருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

2024 மார்ச் 9

நிர்வாகத் தரப்பும் அதிகாரிகளும் சேர்ந்தே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் வைப்பு நிதியைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். அந்த ஊழியர்களின் சேமிப்பிலிருந்து மொத்தம் 4,122 கோடி ரூபாய் டி.எச்.எஃப்.எல். என்ற ஒரே வீட்டு வசதிக் கடன் நிறுவனத்தில் வைப்பாகப் போடப்பட்டது. 2019-இல் அந்த நிறுவனம் தவணை தவறியபோது 2,268 கோடி உள்ளே சிக்கிக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் விவகாரம் வெளியே வந்து, ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள், அதிகாரிகள் கைது செய்யப்பட்டார்கள், விசாரணை பின்னர் சி.பி.ஐ.-க்குச் சென்றது.

இந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் பட்டியலை எடுத்து, எந்த ஒரு நிறுவனக் குழுமத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பென்சிலால் கூட்டினேன். அறக்கட்டளையின் அறிக்கையில் பத்திரங்கள் வாங்கிய தேதி வரிசையில் இருந்தன. குழும வாரியாகக் கூட்டி யாரும் வைத்திருக்கவில்லை. ஒரே குழுமத்தின் மூன்று துணை நிறுவனங்கள் மூன்று வெவ்வேறு பெயர்களில் மூன்று வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. கூட்டினால் 9 சதவீதம் வந்தது. அந்தக் குழுமம் இன்றும் நன்றாக இருக்கிறது. பத்திரங்கள் முதிர்ந்து பணமும் வந்துவிட்டது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2024 மார்ச் 16

பங்குச் சந்தையைப் பற்றி இருவர் எதிரெதிராக எழுதியிருக்கிறீர்கள். நீண்ட காலப் பணத்தைப் பங்கில் போடாமல் இருப்பது தொழிலாளிக்கு இழப்பு என்கிறார் ஒருவர். தொழிலாளியின் பணத்தைச் சூதில் போடக்கூடாது என்கிறார் மற்றவர். இரண்டுக்கும் நடுவே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அதை அறங்காவலர் மேசையில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.

அரசு அமைப்பு 2015 ஆகஸ்டில் சென்செக்ஸ், நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடுகளைப் பின்பற்றும் நிதிகளில் போடத் தொடங்கியது. புதுப் பணத்தில் முதலில் 5 சதவீதம், பிறகு 10, 2017-இல் 15. தனியார் அறக்கட்டளைகள் பல 5 சதவீதக் கீழ் வரம்பிலேயே நின்றுவிட்டன. எங்களுடையதும் அப்படியே. காரணம் அச்சம் மட்டுமன்று. நாம் தரவேண்டிய வட்டி ஆண்டுதோறும் தரவேண்டியது. கடன் பத்திரம் ஆண்டுதோறும் வட்டி தருகிறது. குறியீட்டு நிதியோ விற்கும் வரை ஒரு ரூபாயும் தருவதில்லை; அதன் மதிப்பு இரட்டிப்பானாலும் அந்த ஆண்டின் வட்டிக் கணக்கில் அது சுழிதான். ஆகவே அறக்கட்டளை எவ்வளவு பங்கு வாங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த ஆண்டின் குறை பெரிதாகத் தெரியும், நிறுவனம் அவ்வளவு அதிகமாக நிரப்ப வேண்டிவரும். இருபது ஆண்டு கழித்துப் பணி முடிக்கும் இளைஞருக்கு எது நல்லதோ, அது இந்த மார்ச் மாதக் கணக்கை முடிக்கும் அதிகாரிக்குக் கெட்டதாகிறது.

2020 மார்ச் 23-இல் நிஃப்டி 7,600 அளவில் முடிந்தபோது, ஜனவரியில் அது 12,000-க்கு மேல் இருந்ததை நினைத்து எங்கள் தரப்பில் எல்லோரும், “நல்ல வேளை, 5-இல் நின்றோம்” என்றார்கள். நானும் சொன்னேன். இன்று நிஃப்டி 22,000-ஐ ஒட்டி நிற்கிறது. அன்று சொன்னதை இன்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 15-க்குப் போயிருக்க வேண்டும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வட்டியை ஆண்டுதோறும் உறுதி செய்யும் இந்த அமைப்பு மாறாதவரை, எல்லாப் பழியையும் அறங்காவலர்மேல் போடுவது சரியாகாது.

2024 மார்ச் 17

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) வைப்பு நிதியையும் சேர்த்துக் குழப்பி நான்கைந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே நிறுவனத்தில் மூன்று பைகள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் நட்டம் யார் தலையில் விழும் என்பது வேறு.

பணிக்கொடையில், கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணிசெய்த ஆண்டுகளாலும் பெருக்கினால் வருவது உங்கள் தொகை. சட்டப்படியான உச்சவரம்பு 2018 முதல் 20 லட்சம். நிதியின் முதலீடு எப்படி நடந்தாலும் இந்தத் தொகை மாறாது, நட்டம் நிறுவனத்துடையது. ஆனால் பல நிறுவனங்களில் நிதி என்று தனியாக எதுவும் இருக்காது, ஏட்டில் ஒதுக்கீடு மட்டுமே இருக்கும். எல்.ஐ.சி.-யின் குழுத் திட்டம் போல எங்கேனும் வெளியே கட்டியிருக்கிறார்களா என்பதுதான் இதில் கேட்கவேண்டியது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்கு உரிய தொகையைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கக்கூடாது என்கிறது. நிதியே தொடங்கப்படவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு எதைப் பற்றி நிற்கும்?

பணி ஓய்வு நிதி என்ற மூன்றாவது பையில் நிறுவனம் தன் பங்கைச் செலுத்துவதோடு கடமை முடிந்துவிடுகிறது. அது குறைந்தாலும் கூடினாலும் உங்களுடையது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தை நிறுவனம் வழியாக எடுத்திருந்தாலும் அப்படித்தான். பங்குச் சந்தையில் எவ்வளவு போடுவது என்பதை விதித்த வரம்புக்குள் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பொறுப்பும் உங்களுடையதே.

2024 மார்ச் 30

“நிறுவனம்தான் குறையை நிரப்புமே, பிறகென்ன கவலை” என்று எழுதியவருக்கு.

அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலாவதற்கு முன், அதன் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரானின் சொந்தப் பங்குகளிலேயே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின. நம் அறக்கட்டளைகளின் நிலை அதுவன்று; பணம் அரசுப் பத்திரத்திலும் பல நிறுவனங்களிலும் பரவிக் கிடக்கிறது. ஆனால் குறையை நிரப்பும் வாக்குறுதி மட்டும் உங்களுக்குச் சம்பளம் தரும் அதே நிறுவனத்துடையது. நாட்டில் நிதி நிறுவனங்கள் தவணை தவறும் காலமும் உங்கள் நிறுவனத்தின் விற்பனை படுக்கும் காலமும் ஒன்றாகவே வரக்கூடும். எங்களுக்கு 2019-இல் அதுதான் நடந்தது: பத்திர வட்டி நின்றதும், வாகனத் துறை மந்தத்தால் எங்கள் தொழிற்சாலையில் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டதும் ஒரே காலாண்டில். அன்று நிறுவனம் நிரப்பியது. அதைவிட நலிந்த நிறுவனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பிரிட்டனின் பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம், 230 கோடி பவுண்டு அளவிலான தன் ஓய்வூதிய நிதியில் இருந்த பங்குகளையெல்லாம் விற்று, முழுவதையும் நீண்டகாலக் கடன் பத்திரங்களில் மாற்றியதை 2001-இல் அறிவித்தது. தரவேண்டிய ஓய்வூதியம் எந்தெந்த ஆண்டில் எவ்வளவு என்று பார்த்து, அதற்கு ஒத்த பத்திரங்களை வாங்கினார்கள். எங்கள் அறக்கட்டளையில் ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட, அடுத்த பத்தாண்டில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்ற பட்டியலை முதலீட்டுப் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே அலமாரியில், இரண்டு கோப்புகளில் இருந்தன.

2024 ஏப்ரல் 6

அந்த இரண்டு கோப்புகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2017-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஒரே மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்திட்டார்கள். எல்லோரும் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பணிபுரிந்தவர்கள், கணக்கில் பெரிய தொகை உடையவர்கள். முதிர்வு வரை வைத்திருக்கப்போகிறோம் என்ற நம்பிக்கையில் வாங்கிய பத்திரங்களை நாங்கள் விற்க வேண்டியதாயிற்று. எங்கள் ஏடுகளில் பத்திரங்கள் வாங்கிய விலையில்தான் நிற்கும். சந்தையில் வட்டி ஏறியிருந்தால் விற்கும்போது விலை குறையும் என்பது ஏட்டில் தெரியாது. எதை விற்பது? உயர் வட்டி தரும் பழைய பத்திரங்களுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும் என்று அவற்றை விற்றோம். அந்த ஆண்டு கணக்கு அழகாக முடிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில், பணியில் மீதி இருந்தவர்களுக்கு வட்டி தரப் போதிய வருமானம் இல்லாமல் போயிற்று. பிப்ரவரி 22-இல் நான் எழுதிய 0.4 சதவீத இடைவெளியைப் போன்ற ஒன்று எங்களுக்கு உருவான வழி இதுதான். அங்கே அதை வானத்திலிருந்து விழுந்தது போல எழுதியிருந்தேன்.

விலக்கையே அரசிடம் திருப்பி ஒப்படைத்துவிடலாமே என்று கேட்டவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சில நிறுவனங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. ஒப்படைக்கும்போது உறுப்பினர் கணக்கு முழுவதற்கும் ஈடான தொகையை நிறுவனம் கணக்குத் தீர்த்துத் தர வேண்டும்; ஏட்டு விலைக்கும் சந்தை விலைக்கும் இடையே இருக்கும் வேறுபாடு அன்றுதான் வெளியே வரும். என் கருத்தில், தொழிலாளர் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போகிற நிறுவனத்திற்கு, நல்ல நிலையில் இருக்கும்போதே ஒப்படைப்பதுதான் நேர்மையானது. நான் பதவியில் இருந்தபோது அதை எதிர்த்து வாக்களித்தேன். முன்பணம் இங்கே மூன்று நாளில் கிடைக்கிறது, அரசு அலுவலகத்தில் அலைய வேண்டியிருக்கும் என்பதே என் வாதமாக இருந்தது. அது பொய்யான வாதமன்று, ஆனால் சிறிய வாதம்.

2024 ஏப்ரல் 20

முதலில் கேள்வி கேட்டவர், தம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ஊழியர் பயன்கள் என்ற தலைப்பின்கீழ் வரும் குறிப்பை அனுப்பியிருக்கிறார். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் அது பொதுவில் கிடைக்கிறது. வட்டிக் குறையை நிறுவனம் ஏற்பதால், கணக்கியல் தரநிலைப்படி ஆக்சுவரியின், அதாவது வருங்காலப் பொறுப்புகளைக் கணக்கிடும் வல்லுநரின், மதிப்பீட்டோடு அதை வெளியிட்டிருக்கிறார்கள். அதில் கண்டவை: அரசுப் பத்திரங்கள் பாதிக்கு மேல், நிறுவனக் கடன் பத்திரங்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், பங்கு சார்ந்தவை ஏழு சதவீதம். வட்டிக் குறைக்கான ஒதுக்கீடு இந்த ஆண்டு இல்லை. பார்த்தவரையில் கவலைக்குரியது எதுவும் இல்லை.

அந்த மூன்றில் ஒரு பங்கு யார் யாருடைய பத்திரங்கள் என்பது ஆண்டறிக்கையில் வராது. உங்கள் தரப்பு அறங்காவலரிடம் கேளுங்கள். அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் இல்லையென்றால் மனிதவளப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பட்டியல் கிடைத்ததும் முதலில் குழும வாரியாகக் கூட்டிப் பாருங்கள். பிறகு 2030-க்குள் முதிர்பவற்றை மட்டும் தனியே கூட்டி, அதே காலத்தில் உங்கள் பிரிவில் ஓய்வு பெறப்போகிறவர்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள். பென்சிலும் ஒரு மாலை நேரமும் போதும். எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.